தொலைந்த உலகத் திரைப்படங்களும் டைனோசர்களும்

தொலைந்த உலகத் திரைப்படங்கள் என்பவை, பிற இடங்களில் அழிந்துபோன தொல்விலங்குகள் மனிதர் எட்டாத ஒரு மலை முகட்டிலோ தீவிலோ பள்ளத்தாக்கிலோ இன்னும் உயிரோடு இருப்பதாகவும், அங்கே ஒரு பயணக்குழு சென்று சேர்வதாகவும் கற்பனை செய்யும் சாகசப் படங்கள் ஆகும். 1925-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்க ஊமைப்படம் இவ்வகைக்குப் பெயரையும் வடிவத்தையும் தந்தது. 1969-இல் வந்த 'தி வேலி ஆஃப் குவாங்கி' அதன் பழைய தலைமுறையின் கடைசிப் பெரிய படம் எனலாம்.

இப்படங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தந்திரக் காட்சிகளின் தரத்தை வைத்தே அவற்றை அளக்கிறார்கள். எந்த விலங்கு உண்மைபோல் இருந்தது, எது பொம்மை என்று தெரிந்துவிட்டது என்பதே பேச்சாக இருக்கும். அந்த அளவுகோல் படம் வந்த சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிடும். அடுத்த படம் இன்னும் நன்றாகச் செய்துவிடுமே! நிலைத்து நிற்கும் கேள்வி வேறொன்று உண்டு. திரையில் வரும் விலங்கு தன் வாழ்க்கையைத் தான் வாழ்கிறதா, அல்லது மனிதரைத் துரத்துவதற்கென்றே வருகிறதா? இந்தக் கேள்வியோடு பார்த்தால், வரிசையில் மிகப் பழைய படமே பிறகு வந்த பலவற்றைவிட உயர்ந்து நிற்பது தெரியும்.

கதையின் வேர்கள்

ஜூல்ஸ் வேர்ன் 1864-இல் எழுதிய பூமியின் மையத்துக்கான பயணக் கதையில், நிலத்தடிக் கடலொன்றில் தொல்கால ஊர்வன இரண்டு சண்டையிடும் காட்சி உண்டு. ஆனால் இவ்வகைப் படங்களின் நேரடித் தாய் ஆர்தர் கானன் டாயில் எழுதி 1912-இல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராக வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நாவல்தான். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே டாயில், இதில் சேலஞ்சர் என்ற முரட்டுப் பேராசிரியரைப் படைத்தார். தென் அமெரிக்காவில் செங்குத்துப் பாறைச் சுவர்களால் சூழப்பட்ட ஒரு பீடபூமியில் டைனோசர்கள் வாழ்கின்றன என்று சேலஞ்சர் சொல்கிறார். ஒருவரும் நம்புவதில்லை. நிரூபிக்க ஒரு குழு புறப்படுகிறது.

அத்தகைய பீடபூமிகள் உண்மையிலேயே உள்ளன. வெனிசுவேலா, பிரேசில், கயானா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் ரொரைமா மலை அவற்றுள் பெயர்பெற்றது. 1884-இல் எவரார்டு இம் துர்ன், ஹாரி பெர்கின்ஸ் ஆகிய இருவரும் அதன் உச்சியை அடைந்தனர். அங்கே டைனோசர்கள் இல்லை; கீழே காண முடியாத செடிகொடிகள் இருந்தன. பக்கமெல்லாம் சுவராக நிற்கும் ஒரு மலையின் மேல் தனியான உயிர்க்கூட்டம் இருக்கக்கூடும் என்பது அறிவியலுக்கு முற்றிலும் புறம்பானதன்று என்பதே நாவலின் பலம்.

1925-ஆம் ஆண்டுப் படம்

ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம் தயாரித்த இப்படத்தை ஹாரி ஓ. ஹோய்ட் இயக்கினார். வாலஸ் பீரி சேலஞ்சராகவும், லூயிஸ் ஸ்டோன் வேட்டைக்காரர் ராக்ஸ்டனாகவும், லாயிட் ஹியூஸ் செய்தியாளர் மலோனாகவும் நடித்தனர். நாவலில் பயணக்குழுவில் பெண்கள் இல்லை. படத்தில் பெஸ்ஸி லவ் நடித்த பவுலா ஒயிட் என்ற பெண் சேர்க்கப்பட்டாள். பீடபூமியில் காணாமற்போன தந்தையைத் தேடி அவள் வருகிறாள். இந்த மாற்றம் காதலுக்காகவே செய்யப்பட்டது என்றாலும், பயணத்துக்கு ஒரு மனிதக் காரணம் கிடைத்தது. நாவலில் குரங்கு மனிதர்களுக்கும் பழங்குடியினருக்கும் இடையே நடக்கும் கொடூரமான போரும் படுகொலையும் படத்தில் இல்லை. இது நல்ல விடுபடல். ஒரே ஒரு குரங்கு மனிதன்தான் பாறையின் மேலிருந்து எட்டிப் பார்க்கிறான்.

படத்தின் முதல் பகுதி மெதுவாகச் செல்கிறது. லண்டன் கூட்டங்களும் காதல் பேச்சுகளும் இன்றைய மாணவருக்குச் சலிப்பூட்டலாம். பீடபூமியின் அடிவாரத்தை அடைந்ததும் படம் மாறிவிடுகிறது. வானில் ஒரு டெரனோடான் வட்டமிடுகிறது. குழுவினர் ஒரு மரத்தைச் சாய்த்துப் பாலமாக்கிக் கடந்து செல்கின்றனர். பிராண்டோசாரஸ் ஒன்று அந்த மரத்தைத் தள்ளிவிடுகிறது, திரும்ப வழியில்லை. இவர்களைச் சிறைப்படுத்த வேண்டும் என்று அது நினைக்கவில்லை. இவர்கள் இருப்பதையே அது பொருட்படுத்தவில்லை. தழை மேய்ந்துகொண்டு தன் வழியே போகிறது.

பிறகு வரும் காட்சிகள் எல்லாம் இப்படித்தான். அல்லோசாரஸ் தாக்க வருகையில் ட்ரைசெரடாப்ஸ் ஒன்று தன் குட்டியைக் காத்து அதனை எதிர்க்கிறது. ஒரு சண்டையில் வென்ற விலங்கை அடுத்த விலங்கு வந்து கொல்கிறது. இவற்றுள் பலவற்றில் மனிதர்களுக்கு வேலையே இல்லை. குகை வாசலிலோ மரத்தின் பின்னாலோ நின்று பார்ப்பதுதான் அவர்கள் செய்வது. திரையரங்கில் அமர்ந்திருப்பவரின் நிலையும் அதுவே. ஒருமுறை அல்லோசாரஸ் முகாமுக்கே வந்துவிடுகிறது. எரியும் கொள்ளியை அதன் வாயில் எறிந்து விரட்டுகிறார்கள். அதுவும் பசித்த விலங்கு நெருப்பைக் கண்டு விலகும் அளவிலேயே நின்றுவிடுகிறது. எரிமலை வெடித்து விலங்குகள் கூட்டம் கூட்டமாக ஓடும் அகன்ற காட்சியில், சிறிதும் பெரிதுமான உருவங்கள் திரை முழுவதும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. அவற்றுக்கும் ஒரு நாடு இருந்தது, அது எரிகிறது என்ற எண்ணம் அங்கேதான் பார்ப்பவர் மனத்தில் விழுகிறது.

பொம்மைக்கு மூச்சு

இவ்விலங்குகளை இயக்கியவர் வில்லிஸ் ஓ'பிரையன் (1886–1962). அவர் கையாண்டது ஸ்டாப் மோஷன் எனப்படும் முறை. பொம்மையை ஒரு நிலையில் வைத்து ஒரு ஃபிரேம் படமெடுப்பார்கள். காலைச் சிறிது நகர்த்தி அடுத்த ஃபிரேம். ஊமைப்படங்களின் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை. நொடிக்கு 16 ஃபிரேம் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 960 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். இரண்டு விலங்குகள் சண்டையிட்டால் வேலை இரட்டிப்பாகும். கால், வால், கழுத்து, வாய் என்று ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு நகர்ந்தது என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இடையில் ஓர் இலை வாடினாலும் திரையில் அது துள்ளும்.

பொம்மைகளைச் செய்தவர் மெக்சிகோவில் பிறந்த இளைஞர் மார்செல் டெல்காடோ. கலைப்பள்ளியில் பயின்றுகொண்டே மளிகைக் கடையில் வேலை பார்த்துவந்த அவரை ஓ'பிரையன் தேடிப்பிடித்தார். மூட்டுகளோடு கூடிய உலோக எலும்புக்கூடு, அதன் மேல் பஞ்சுபோன்ற பொருளால் தசை, அதற்கும் மேல் ரப்பர் தோல் என்று டெல்காடோ ஒவ்வொன்றையும் உள்ளிருந்து வெளியே கட்டினார். சிலவற்றின் வயிற்றுக்குள் பந்துக்குள் இருக்கும் பிளாடர் போன்ற காற்றுப்பையை வைத்தார். ஃபிரேமுக்கு ஃபிரேம் சிறிது காற்றை ஏற்றி இறக்கினால், விலங்கு மூச்சுவிடுவதுபோல் திரையில் தெரியும். கதைக்கு இந்த மூச்சு தேவையே இல்லை. சண்டை போடாத நேரத்திலும் அது உயிரோடு இருக்க வேண்டும் என்று இருவரும் எண்ணியதால்தான் அந்த வேலை.

உருவங்களுக்கு அடிப்படை சார்லஸ் ஆர். நைட்டின் ஓவியங்கள். அருங்காட்சியகங்களுக்காகத் தொல்விலங்குகளை வரைந்த நைட், எலும்பை மட்டும் பார்த்துத் தசையையும் நடையையும் ஊகித்தவர். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் படத்தின் டைனோசர்கள் இன்று தவறாகத் தெரிகின்றன. அக்கால அறிவியலின் படம் அதுவே. ஆகவே அதைப் படத்தின் குறையாகச் சொல்வது பொருந்தாது. பல கோடி ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த அல்லோசாரஸும் டைரனோசாரஸும் ஒரே காட்டில் வருவது வேண்டுமானால் குறை. இங்கே ஒரு சுவையான செய்தி: பிராண்டோசாரஸ் என்ற பெயர் செல்லாது, அது அபடோசாரஸே என்று 1903-இலேயே அறிவியலார் முடிவு செய்துவிட்டனர். திரையுலகம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 2015-இல் வந்த ஓர் ஆய்வு இரண்டும் வெவ்வேறே என்று கூறிப் பழைய பெயரை மீட்டது. திரைக்காரர்களின் பிடிவாதம் ஒருவகையில் வென்றுவிட்டது!

1922 சூன் மாதத்தில், படம் முடிவதற்கு நெடுநாள் முன்பே, டாயில் இதன் சோதனைக் காட்சிகளை நியூயார்க்கில் அமெரிக்க மாயவித்தைக்காரர் சங்கத்தின் விருந்தில் போட்டுக்காட்டினார். எப்படி எடுத்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹூடினி உள்ளிட்ட வித்தைக்காரர்களையே அது திகைக்க வைத்தது. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது. அதன் பிறகே டாயில் உண்மையை விளக்கி ஹூடினிக்குக் கடிதம் எழுதினார்.

லண்டன் தெருவில்

நாவலின் முடிவில் சேலஞ்சர் ஒரு டெரோடாக்டைல் குஞ்சை லண்டன் கூட்டத்தில் காட்டுகிறார். அது சன்னல் வழியே பறந்து போய்விடுகிறது. சிறிய, நகைச்சுவையான முடிவு. படமோ பெரியதாக யோசித்தது. சண்டையில் மலையிலிருந்து சேற்றில் விழுந்த ஒரு பிராண்டோசாரஸைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவருகிறார்கள். இறக்கும்போது கூண்டு உடைகிறது. தெருக்களில் ஓடுகிறது, கட்டடத்தை இடிக்கிறது, பாலம் அதன் எடை தாங்காமல் உடைகிறது, தேம்ஸ் நதியில் விழுந்து நீந்திப் போய்விடுகிறது. சேலஞ்சர் தலைகவிழ்ந்து நிற்கிறார்.

நகரத்துக்கு வந்த தொல்விலங்கு என்ற இந்தக் காட்சியே பின்னால் எண்ணற்ற படங்களின் முதலீடாகியது. அவை பெரும்பாலும் மறந்த ஒன்று இங்கே இருக்கிறது: பிராண்டோசாரஸ் சாவதில்லை. அது செய்த சேதம் எல்லாம் பயந்த ஒரு பெரிய விலங்கு வழி தேடியதால் வந்த சேதம். குற்றம் அதைக் கூண்டிலிட்டவருடையது. படம் அதை வாயால் சொல்வதில்லை. விலங்கை நீந்த விட்டுவிட்டு மனிதரைத் தலைகுனிய வைக்கிறது.

குறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று சிறியதன்று. சாம்போ என்ற கறுப்பினப் பணியாளர் வேடத்தில், முகத்தில் கருமை பூசிக்கொண்டு ஜூல்ஸ் கோல்ஸ் என்ற வெள்ளையர் நடித்தார். அவர் பேசுவதாக வரும் எழுத்துப் பலகைகளும் கேலிக்குரிய கொச்சையில் எழுதப்பட்டவை. விலங்குகளுக்குக் கொடுத்த கண்ணியத்தை ஒரு மனிதருக்குக் கொடுக்கப் படத்துக்குத் தோன்றவில்லை. அக்காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாத இடம் இது. ஓ'பிரையனும் டெல்காடோவும் அதே காலத்தவர்களே. ஓர் உயிரை உற்று நோக்குவது எப்படி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படமே தொலைந்த கதை

பேசும் படம் வந்ததும் ஊமைப்படங்களின் விலை சரிந்தது. 1929-இல் இப்படத்தைச் சுற்றிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். முழுப் பிரதிகள் அழிக்கப்பட்டன. வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக கோடாஸ்கோப் நிறுவனம் வெளியிட்ட சுருக்கப் பிரதி மட்டும் மிஞ்சியது. ஏறத்தாழ பாதிப் படமே அதில் இருந்தது. பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தது அந்தப் பாதியைத்தான். செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிரதியைக் கொண்டு 1990-களில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் படத்தைப் பெருமளவு மீட்டது. 2016-இல் இன்னும் முழுமையான பதிப்பு வந்தது. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1998-இல் இது சேர்க்கப்பட்டது.

கிங் காங் (1933)

அடுத்த பெரிய படத்திலும் ஓ'பிரையனே விலங்குகளை இயக்கினார். ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் 'கிரியேஷன்' என்ற டைனோசர் படத்தை அவர் தொடங்கியிருந்தார். செலவு மிகுதி என்று அதைக் கைவிடச் செய்த மெரியன் சி. கூப்பர், அந்த உத்திகளை மட்டும் தம் பெருங்குரங்குக் கதைக்கு எடுத்துக்கொண்டார். கூப்பரும் எர்னஸ்ட் ஷூட்சாக்கும் இயக்கிய 'கிங் காங்' அப்படிப் பிறந்தது.

திரைக்கலையாக இது முன்னதைவிடப் பலமடங்கு முன்னேறியது. மாக்ஸ் ஸ்டைனரின் இசை, கண்ணாடியில் தீட்டிய காடு, நடிகரையும் பொம்மையையும் ஒரே காட்சியில் இணைத்த திறம் எல்லாம் இன்றும் வியக்க வைப்பவை. காங் டைரனோசாரஸை வென்றபின், இறந்த விலங்கின் தாடையைத் திறந்து மூடிப் பார்க்கும் சிறு அசைவு ஒன்று போதும். பொம்மைக்குள் ஒரு மனம் இருப்பதாகத் தோன்றிவிடும்.

ஆனால் டைனோசர்களின் நிலை இங்கே மாறிவிட்டது. மண்டையோட்டுத் தீவின் விலங்குகள் யாவும் மனிதரை எதிர்பார்த்தே காத்திருந்தவை போல் பாய்கின்றன. தழை தின்னும் பிராண்டோசாரஸ்கூட மாலுமிகளைத் துரத்திக் கடிக்கிறது. மரத்தின் மேல் ஏறியவனையும் விடுவதில்லை. எட்டாண்டுக்கு முன் தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்த அதே விலங்கு! மூச்சு, மனம், துயரம் எல்லாம் காங் ஒருவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. மற்றவை அவன் வீரத்தைக் காட்டுவதற்கான எதிரிகள். தீவின் மக்களும் அவ்வாறே, பலி கொடுக்கும் கூட்டமாகவே வருகிறார்கள். பின்வந்த தயாரிப்பாளர்கள் இப்படத்திலிருந்து கற்றுக்கொண்டது காங்கின் துயரத்தை அன்று, துரத்தலை.

ஒட்டிய கொம்புகள்

ஸ்டாப் மோஷன் நாள்கணக்கில் உழைப்பு கேட்கும் வேலை. அதற்குக் குறுக்குவழி ஒன்றை 1940-இல் ஹால் ரோச் தயாரித்த 'ஒன் மில்லியன் பி.சி.' காட்டியது. உயிருள்ள பல்லி வகைகளையும் முதலைக் குட்டியையும் பிடித்து, முதுகில் செயற்கைத் துடுப்பும் கொம்பும் ஒட்டி, சிறிய செட்டில் விட்டு, அருகிலிருந்து படமெடுத்தார்கள். ஒன்றோடொன்று கடித்துப் புரள வைத்தார்கள். அக்காட்சிகளைப் பிற்கால மலிவுப் படங்கள் பல வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின.

1959-இல் வந்த 'பூமியின் மையத்துக்குப் பயணம்' இதே முறையைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்தது. இகுவானாக்களின் முதுகில் பாய்போன்ற துடுப்பை ஒட்டி டைமெட்ரோடான் என்றார்கள். டைமெட்ரோடான் உடலைத் தரைக்கு அருகில் வைத்து நடக்கும் விலங்கு என்பதால் இந்த வேடம் ஓரளவு பொருந்தியது.

மிகவும் வருத்தம் தருவது 1960-இல் இர்வின் ஆலன் எடுத்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' மறுபடம். வண்ணம், அகலத்திரை, கிளாட் ரெய்ன்ஸ் போன்ற பெரிய நடிகர் எல்லாம் இருந்தும் டைனோசர்களாக வந்தவை கொம்பு ஒட்டிய உடும்பும் இகுவானாவும் முதலைக் குட்டியும். திரையில் அவற்றைப் பார்த்துப் பேராசிரியர் சேலஞ்சர் பிராண்டோசாரஸ் என்கிறார். பள்ளிப் பிள்ளையும் ஏற்காத அடையாளம் அது. படக்குழுவில் ஓ'பிரையனும் இருந்தார் என்பதுதான் வேதனை. முதல் படத்தின் விலங்குகளைப் படைத்த கலைஞரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திவிட்டு, அவர் கலையைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார்.

உயிருள்ள விலங்கு பொம்மையைவிட உண்மையாக இருக்கும் என்பதே இம்முறைக்குச் சொல்லப்பட்ட நியாயம். கண்ணுக்குத் தெரிவது நேர்மாறாக இருக்கிறது. அந்தப் பல்லிக்குத் தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாது. சூடான விளக்குகளின் கீழ் வாய் திறந்து மலங்க விழிக்கிறது. ஒட்டிய கொம்பின் கனத்தால் தலை சாய்கிறது. அதன் துன்பம் மட்டும் உண்மை. அது ஏற்ற வேடம் பொய். டெல்காடோவின் ரப்பர்ப் பொம்மைக்குத் துன்பம் இல்லை, ஆனால் அதன் வாழ்க்கை நம்பும்படி இருக்கிறது. இக்காட்சிகளை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், வேடிக்கைக்காக மட்டும் காட்டாமல் இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'காடு'

இவ்வகைப் படங்களோடு தமிழ்த் திரைக்கும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. அமெரிக்கத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட் 1951-இல் 'லாஸ்ட் காண்டினென்ட்' என்ற டைனோசர் படத்தை வெளியிட்டார். காணாமற்போன ராக்கெட்டைத் தேடிப் போகும் குழு ஒரு மலையின் மேல் ஏறி ஏறி, பார்ப்பவரும் களைத்த பிறகே டைனோசர்களைக் காண்கிறது. அதில் நடித்த சீசர் ரொமெரோவையும் ராட் கேமரன், மேரி வின்ட்சர் ஆகியோரையும் கொண்டு, டி. ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் லிப்பர்ட் தரப்பும் சேர்ந்து இந்தியாவில் எடுத்த படம் 'தி ஜங்கிள்' (1952). இயக்கியவர் வில்லியம் பெர்க். எம். என். நம்பியாரும் நடித்துள்ளார். தமிழில் இது 'காடு' என்ற பெயரில் வந்தது.

யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிப் போனால், அவற்றை மிரட்டுபவை அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கம்பளி மாமத்துகள் என்று தெரிகிறது. மாமத்து டைனோசர் அன்று, பாலூட்டி. ஆனாலும் கதை வடிவம் தொலைந்த உலகத்தினுடையதே. மாமத்தாக வந்தவை நீள்மயிர்ப் போர்வை போர்த்திய யானைகள். போர்வை நன்றாகவே தெரிகிறது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: உயிரோடுள்ள விலங்குகளில் மாமத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானைதான். வேடம் போட்ட விலங்குகளின் நீண்ட வரிசையில், அறிவியலுக்குக் கிட்டே வந்தது சேலத்துக்காரர்களின் யானையே. அதைத் தவிர, மாமத்து வரும் நேரம் மிகக் குறைவு, அதற்கான காத்திருப்பு மிக நீளம். வெளிநாட்டுக் கூட்டில் உருவான தொடக்க கால முயற்சி என்ற வரலாற்று மதிப்பே இப்படத்துக்கு அதிகம்.

நான்கு சிறுவர்களும் ஒரு படகும்

செக்கோஸ்லோவாகியாவின் கரேல் செமன் 1955-இல் எடுத்த 'காலத்தின் தொடக்கத்துக்குப் பயணம்' மாணவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது. நான்கு சிறுவர்கள் படகில் ஓர் ஆற்றில் செல்கிறார்கள். ஆறு அவர்களைப் பின்னோக்கிய காலத்துக்கு எடுத்துச் செல்கிறது. முதலில் பனிக்கால மாமத்துகள், பிறகு பழைய பாலூட்டிகள், பிறகு டைனோசர்கள், நிலக்கரிக் காடுகள், கடைசியில் தொல்கடல். அவர்கள் யாரையும் பிடிக்கப் போகவில்லை, எதையும் ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமும் இல்லை. பார்க்கிறார்கள், குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

செமன், ஓவியர் ஸ்டெனெக் புரியனின் தொல்லுயிர் ஓவியங்களை அடியொற்றிப் பொம்மைகளையும் பின்னணிகளையும் அமைத்தார். ஓ'பிரையனின் நளினம் அவர் பொம்மைகளின் நடையில் இல்லை. சில விலங்குகள் விறைப்பாகவே நகர்கின்றன. ஆயினும் படத்தின் நடுவில் உள்ள ஒரு பகுதிக்கு இணையானது இவ்வகையில் வேறில்லை. ஒரு செரட்டோசாரஸும் ஸ்டெகோசாரஸும் மோதுகின்றன. வழக்கமான படத்தில் சண்டை முடிந்ததும் காட்சி முடியும். இங்கே சிறுவர்கள் இறந்துகிடக்கும் ஸ்டெகோசாரஸின் அருகே சென்று அதன் முதுகுத் தட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள், உடலை ஆராய்கிறார்கள். அச்சம் போன பின் வரும் ஆர்வமும், ஒரு பெரிய உடல் அசையாமல் கிடப்பதன் அமைதியும் ஒன்றாக அங்கே இருக்கின்றன.

பயணத்தின் தொடக்கமே ஒரு டிரைலோபைட் புதைபடிவம்தான். சிறுவர்களில் இளையவனான யிர்க்காவுக்கு அதை உயிரோடு பார்க்க ஆசை. முடிவில் தொல்கடலின் கரையில் உயிருள்ள டிரைலோபைட் ஒன்று அவன் கையில் கிடைக்கிறது. புதைபடிவத்தையும் உயிரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளங்கை அளவே உள்ள அந்த உயிர்தான் இப்படத்தின் உச்சக் காட்சி. எந்தக் கட்டடமும் இடியவில்லை.

ஹாரிஹவுசனும் குவாங்கியும்

சிறுவயதில் 'கிங் காங்' பார்த்து வாழ்க்கைத் தொழிலை முடிவு செய்துகொண்டவர் ரே ஹாரிஹவுசன் (1920–2013). 'மைட்டி ஜோ யங்' (1949) படத்தில் ஓ'பிரையனிடம் உதவியாளராக இருந்தார். 1966-இல் ஹாமர் நிறுவனத்துக்காக, 1940-ஆம் ஆண்டுப் படத்தின் மறுபடமான 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.'யில் டைனோசர்களை இயக்கினார். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தவை. பத்து லட்சம் ஆண்டுக்கு முந்தைய மனிதர் அவற்றோடு வாழ்ந்தனர் என்பது பிழையான கதை. அப்படம் அறிவியலுக்காக எடுக்கப்பட்டதும் அன்று. கேனரித் தீவுகளின் எரிமலை நிலம் மட்டும் மனத்தில் நிற்கிறது.

'தி வேலி ஆஃப் குவாங்கி' அப்படியன்று. இது ஓ'பிரையன் 1940-களில் திட்டமிட்டு எடுக்க முடியாமற்போன கதை. ஆசிரியர் விட்ட வேலையை மாணவர் முடித்தார். மெக்சிகோவில், வெளியுலகம் அறியாத பள்ளத்தாக்கு ஒன்றில் அல்லோசாரஸ் ஒன்று வாழ்கிறது. ஊரூராகக் குதிரை வித்தை காட்டும் குழுவினர் அதைப் பிடித்துக் காட்சிப் பொருளாக்கப் பார்க்கிறார்கள். குதிரை மேலிருந்து நாலாபுறமும் கயிறு வீசி அவர்கள் அதைச் சுருக்கிடும் காட்சி ஹாரிஹவுசனின் திறமைக்கு உச்சம். படப்பிடிப்பில் இழுக்கப்பட்ட உண்மைக் கயிறும் பொம்மையின் கழுத்திலுள்ள சிறு கயிறும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே கோட்டில் சேர வேண்டும். சேர்கின்றன. பார்ப்பவர் அதையெல்லாம் கவனிப்பதில்லை. கயிறு இறுகும்போது மூச்சுத் திணறும் விலங்கைத்தான் கவனிக்கிறார்.

லண்டனில் பிராண்டோசாரஸுக்கு நதி இருந்தது. குவாங்கிக்கு அது இல்லை. கூண்டிலிருந்து தப்பி ஊருக்குள் ஓடி, ஒரு பெரிய தேவாலயத்துக்குள் நுழைகிறது. கதவை மூடித் தீ வைத்துவிடுகிறார்கள். உயர்ந்த தூண்களுக்கு நடுவே, வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் கீழ், அது எரிந்து கத்துகிறது. ஊர் மக்கள் வெளியே கூடிநின்று பார்க்கிறார்கள். வெற்றி கொண்டாடும் முகம் ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பார்க்க விரும்புவோர்க்கு

1925-ஆம் ஆண்டுப் படம் பொதுவுடைமையாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரதியைத் தேர்வதில் கவனம் தேவை. ஒரு மணி நேர அளவில் உள்ளவை பழைய சுருக்கப் பிரதிகள். அவற்றில் காட்சிகள் திடீரெனத் தாவும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் மீட்கப்பட்ட பதிப்புகளே கதையை ஒழுங்காகத் தருகின்றன. இசை ஒவ்வொரு பதிப்பிலும் வேறுபடும். வேண்டாமெனில் ஒலியை நிறுத்திவிட்டும் பார்க்கலாம். பிராண்டோசாரஸ் முதன்முதலில் அருகில் தோன்றி மேயும் இடத்தில் படத்தை நிறுத்தாமல், அதன் கழுத்தையும் விலாவையும் பார்த்துக்கொண்டே இருங்கள். செமனின் படத்துக்கு அமெரிக்கப் பதிப்பு ஒன்று 1966-இல் வெட்டி ஒட்டித் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் நியூயார்க் அருங்காட்சியகம் வந்தால் அது அந்தப் பதிப்பு. செக் மொழி மூலத்தையே தேடிப் பார்ப்பது நல்லது.